பெண்கள் சிறைப் படம்: ஒருவர் குப்பை என்பதை இன்னொருவர் ஏன் கொண்டாடுகிறார்?

பெண்கள் சிறையை வைத்துக் குறைந்த செலவில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் நேரம் வீண் என்று திட்டுவார். அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்கிற நடு ஆட்கள் இந்த வகைப் படத்துக்குக் குறைவுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் குறும்படம் எடுக்க ஆசைப்படுகிற பிள்ளைகளும், ஃபோனில் டப்பிங் படம் பார்த்துவிட்டு "இதைப் பார்த்தீங்களா, என்ன நினைக்கிறீங்க" என்று கேட்கிறவர்களும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதால், ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் விளங்குகிற மாதிரி அடியிலிருந்தே சொல்கிறேன்.

பேய்ப் படம், பொலிஸ் படம் என்று வகை இருக்கிற மாதிரி பெண்கள் சிறைப் படமும் ஒரு தனி வகை. அதற்கென்று ஓர் அச்சு உண்டு. உலகம் தெரியாத ஓர் இளம்பெண் உள்ளே வருவாள், அநேகமாகப் புருஷனோ காதலனோ செய்த காரியத்தில் மாட்டிக்கொண்டவள். உடுப்பை வாங்கிக்கொண்டு இலக்கம் கொடுப்பார்கள். உள்ளே ஏற்கெனவே ராணி மாதிரி ஒருத்தி இருப்பாள், அவளுக்கு நாலு கையாட்கள். ஈவிரக்கமே இல்லாத காவல்காரி ஒருத்தி, நல்லது செய்ய நினைத்தும் மேலிடம் விடாத அத்தியட்சகர் ஒருவர், சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு சண்டை, இருட்டறைத் தண்டனை, ஒரு சாவு, கடைசியில் கலவரம் அல்லது தப்பியோட்டம். கிட்டத்தட்ட எல்லாப் படமும் இதற்குள்தான் சுற்றும். அதனால் "கதையில் புதுசா ஒண்ணுமில்லை" என்று யாராவது சொன்னால் அந்தக் கருத்தை வைத்து நம்மால் எதையும் தீர்மானிக்க முடியாது. தேயிலைத் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தில் காமன் எரியப்போகிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் இந்த வருஷம் ரதி யார், ஒப்பாரியை எப்படிப் பாடுகிறார் என்று பார்க்கத்தான் குளிரில் விடிய விடியக் குந்தியிருக்கிறோம். இங்கேயும் பார்க்க வேண்டியது அதேதான், தெரிந்த கதையை எப்படிச் சொன்னார்கள் என்பது.

சரி, கருத்து ஏன் இப்படி இரண்டாகப் பிளக்கிறது? இந்த வகைக்கு இரண்டு பிறப்பு இருக்கிறது.

முதல் பிறப்பு கண்ணியமானது. ஹொலிவூட்டில் இதற்கு முன்பும் பெண்கள் சிறைக் கதைகள் வந்திருந்தாலும், அச்சை உறுதியாகப் போட்டது 1950 இல் ஜோன் க்ரொம்வெல் இயக்கிய 'கேஜ்ட்'. பத்தொன்பது வயதுக் கர்ப்பிணி ஒருத்தி. கணவன் செய்த கொள்ளைக்குத் துணை போனாள் என்று உள்ளே வருகிறாள், அங்கேயே பிள்ளை பெறுகிறாள், பிள்ளை கையை விட்டுப் போகிறது, காவல்காரி அவள் தலையை மொட்டையடிக்கிறாள். வரும்போது பயந்து நடுங்கியவள் போகும்போது கல்லாகிப் போகிறாள். அவள் வெளியே போனதும், அவளுடைய கோப்பை மூட வேண்டாம், திரும்பி வந்துவிடுவாள் என்கிற பொருளில் அத்தியட்சகர் சொல்வதோடு படம் முடிகிறது. சிறை யாரையும் திருத்தவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கதாநாயகியாக நடித்த எலினோர் பார்க்கர் அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார், படத்துக்கு மூன்று ஒஸ்கார் பரிந்துரைகளும் கிடைத்தன.

இரண்டாவது பிறப்பு வியாபாரம். அமெரிக்காவில் படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று 1934 முதல் கறாராக நடைமுறையில் இருந்த விதிக்கோவை 1968 இல் போய், வயது வாரியாகத் தரம் பிரிக்கும் முறை வந்தது. கதவு திறந்தவுடன் மலிவுப் படத் தயாரிப்பாளர்கள் ஓடி வந்தார்கள். 1971 இல் ஜக் ஹில் இயக்கிய 'த பிக் டோல் ஹவுஸ்' செலவைக் குறைக்கப் பிலிப்பைன்ஸ் போய் எடுக்கப்பட்டது. பாம் க்ரியர் என்ற நடிகையை ஊருக்குக் காட்டியது அதுதான். படம் நல்ல காசு பார்த்ததும் அதே மாதிரி வரிசையாக வந்தன. சிறை என்பது அந்தப் படங்களில் பலவற்றுக்கு ஒரு சாக்கு. குளிக்கிற காட்சி, உடல் சோதனைக் காட்சி, சண்டையில் உடுப்புக் கிழிகிற காட்சி, இவற்றுக்காகத்தான் படம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற படங்கள் இல்லை என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இதிலே ஒரு சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு பிறப்பும் கலந்துபோய்விட்டது. ஜொனதன் டெமி என்ற இளைஞர் 1974 இல் தன் முதல் படமாக இயக்கிய 'கேஜ்ட் ஹீட்' அந்த மலிவுச் சந்தைக்கென்றே எடுக்கப்பட்டது, ஆனால் அதற்குள் பெண்களுக்குள் இருக்கிற தோழமையையும் சிறை மருத்துவத்தின் கொடுமையையும் அவர் வைத்துவிட்டார். பின்னாளில் ஒஸ்கார் வாங்கிய இயக்குநர் அவர். ஜப்பானில் 1972 இல் தொடங்கிய 'பிமேல் ப்ரிஸனர் ஸ்கோர்ப்பியன்' வரிசையில் மெய்கோ காஜி ஏறக்குறைய வாயே திறக்க மாட்டார், பார்வையாலேயே முழுப் படத்தையும் தூக்கிக்கொண்டு போவார். அதையும் மலிவுப் படம் என்றுதான் விற்றார்கள். ஆக, ஒரே படத்துக்குள் அருவருப்பான காட்சியும் உண்மையான காட்சியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். எதைப் பார்க்க வந்தோம் என்பதைப் பொறுத்து அபிப்பிராயமும் மாறும். கிளுகிளுப்புக்காக வந்தவருக்கு அழுகிற காட்சி இழுவை. சமூகக் கதைக்காக வந்தவருக்குக் குளியல் காட்சி அவமானம். இரண்டு பேரும் "மோசமான படம்" என்றுதான் சொல்வார்கள், ஆனால் காரணம் நேரெதிர்.

இந்தப் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். பிமல் ராயின் 'பந்தினி' 1963 இல் வந்த ஹிந்திப் படம். அதில் சிறைக்குள் ஒரு பெண் மாவரைத்தபடி, அண்ணனை அனுப்பி என்னைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்ற பொருளில் ஒரு பாட்டுப் பாடுவார். கலவரமும் கத்திக்குத்தும் இல்லாமலே சிறை என்றால் என்ன என்று தெரியும். பெண்கள் சிறைப் படம் என்றால் வெள்ளைக்காரன் படம்தான் என்று நினைக்கிறவர்கள் அந்த ஒரு பாட்டையாவது பார்க்க வேண்டும்.

இனிச் செலவு. சிறைப் படத்தை ஏன் மலிவாக எடுக்க முடிகிறது என்பது எளிய கணக்கு. ஒரே கட்டடம் போதும். எல்லாருக்கும் ஒரே உடுப்பு. பெரிய நட்சத்திரம் தேவையில்லை, புதுமுகங்களே கூட்டமாக நடிக்கலாம். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் சிறை அப்படித்தானே என்று பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் 1979 முதல் 1986 வரை ஓடிய 'ப்ரிஸனர்' தொடர் 692 பகுதிகள் வந்தது, சுவர் ஆடுகிறது என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு, ஆனால் அதன் பெண்களை இன்றைக்கும் உறவுக்காரர்கள் மாதிரிப் பேசுகிறவர்களும் உண்டு.

குறைந்த செலவுப் படத்தைப் பார்க்கும்போது இரண்டு விதமான பிழைகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும், நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். காசில்லாததால் வருகிற பிழை ஒன்று. அறுநூறு பேர் இருக்கும் சிறை என்று வசனத்தில் சொல்வார்கள், ஆனால் அதே பன்னிரண்டு முகம்தான் திரும்பத் திரும்ப நடக்கும். சத்தம் எதிரொலிக்கும். கதவு இரும்பு மாதிரிச் சாத்தாமல் பலகை மாதிரிச் சாத்தும். இதையெல்லாம் மன்னிக்கலாம், மன்னிக்கத்தான் வேண்டும். 1975 இல் வி.பி. கணேசன் மலையகத்துக் கதையை வைத்து 'புதிய காற்று' எடுத்தபோது தென்னிந்தியப் படங்களோடு காசில் போட்டி போடவா முடிந்தது? நம்முடைய கொழுந்துக் கூடை திரையில் வந்ததே என்றுதான் மக்கள் போனார்கள்.

இன்னொன்று கவனமில்லாததால் வருகிற பிழை. அதைச் சரிசெய்ய ஒரு சதமும் செலவாகாது. ஆறு மாதம் உள்ளே இருந்தவளின் புருவம் நேற்றுத்தான் திருத்தின மாதிரி இருப்பது. படுத்து எழும்பினவளின் சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லாதது. இத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில் மாதவிலக்கு என்ற ஒன்றே இல்லாதது. ஒரு ஆண் காவலர் ராத்திரியில் தனியாகப் பெண்கள் பக்கம் சும்மா உலாத்துவது, அதைப் படம் ஒரு அக்கிரமமாகக் கூடக் காட்டாமல் சாதாரணமாகக் காட்டுவது. ஐக்கிய நாடுகள் சபை 2010 இல் ஏற்றுக்கொண்ட பெங்கொக் விதிகளில் பெண் கைதிகளுக்கென்றே 70 விதிகள் இருக்கின்றன. மாதவிலக்குத் துணி இலவசமாகக் கொடுக்க வேண்டும், உடல் சோதனையைப் பெண் ஊழியர்தான் செய்ய வேண்டும், அதையும் மானத்துக்குக் கேடில்லாமல் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த விதி மீறப்படுகிறது என்று ஒரு படம் காட்டினால் அது சமூகப் படம். மீறப்படுவதே தெரியாமல் கமெரா வேடிக்கை பார்த்தால், அது வேறு படம்.

என் சித்தி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்படி ஒரு டப்பிங் படம் ஓடியது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம், லயத்து முன்வாசலில் கொழுந்துச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது, டிவியில் இந்தப் படம். கொழும்பில் வேலை செய்து லீவில் வந்திருந்த தம்பி ஆரம்பத்திலிருந்தே படம் இருட்டு, நடிப்புச் செயற்கை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொன்னதில் பிழையுமில்லை. அப்போது காலையில் கைதிகளை வரிசையாக நிறுத்தி எண்ணுகிற காட்சி வந்தது. காவல்காரி ஒவ்வொருத்தியாகக் கடந்து போகிறாள், கையில் ஒரு அட்டை. சித்தி கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "இங்க பாரு புள்ள, இவ ஆள மூஞ்சியப் பார்க்காம அட்டையப் பார்த்தே எண்ணிக்கிட்டுப் போறா. பெரட்டுல எங்கள எண்ணுனதும் இப்பிடித்தான். இந்தப் படத்த எடுத்தவனுக்கு எங்கேயோ வரிசையில நின்ன பழக்கம் இருக்கு" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆட்களை நிறுத்தி எண்ணுவது. பக்கத்து வீட்டு மாமி வேறு ஒன்றைப் பார்த்தார்: "மறியல்ல இருக்குறவளுக்கு நகத்துல பூச்சு எங்கேருந்துடி வந்துச்சு?" கொஞ்ச நேரம் கழித்து, பார்க்க வருகிறவர்கள் நாளில் ஒருத்திக்கு மட்டும் யாரும் வரவில்லை என்ற காட்சி. அவள் தலைவாரி, முகம் கழுவி, உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் பேசவில்லை. சித்தி அந்தக் காட்சி முடியும் வரை வெங்காயத்தைத் தொடவே இல்லை.

சித்தியும் மாமியும் சொன்னதுதான் விமர்சனம். படம் மொத்தமாக நல்லதா கெட்டதா என்று அவர்கள் தீர்ப்பே சொல்லவில்லை. எந்த இடத்தில் நம்பினேன், எந்த இடத்தில் நம்பவில்லை என்று சொன்னார்கள். தம்பி சொன்னது படத்தின் செலவைப் பற்றி, சித்தி சொன்னது அதன் பார்வையைப் பற்றி. எனக்குச் சித்தியின் கருத்துத்தான் அதிகம் பயன்படும்.

தோட்டத்துப் பெண்களுக்கு இந்த வகைப் படத்தைச் சரியாகப் படிக்கத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அதிகாலையில் பெரட்டுக்களத்தில் நிற்பது, ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவது, கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், இருக்கிற வீடு வேலையோடு சேர்ந்தது என்கிற பயம், இதெல்லாம் உடம்பில் ஊறினவர்கள். பழைய காலத்தில் சிறையே தோட்டத்தோடு ஒட்டித்தான் இருந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியை மறியலில், அதாவது சிறையில், போட முடிந்தது. கடனைக் காட்டிக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. எனவே பூட்டு, சாவி, இலக்கம், வரிசை என்று ஒரு படம் காட்டும்போது அதை வேடிக்கைப் பொருளாகப் பார்க்க நம்முடைய பாட்டிமாரால் முடியாது.

இன்றைய இலங்கைச் சிறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டாலும் படத்தை எடைபோடுவது சுலபமாகிவிடும். இங்கே உள்ளே இருக்கிறவர்களில் பெரும் பகுதி தீர்ப்பு வராமல் விளக்கமறியலில் இருப்பவர்கள். தண்டனை பெற்று உள்ளே வருகிறவர்களிலும் மிகப் பலர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் வருகிறவர்கள். பிணை கிடைத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் கிடப்பவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் தாயோடு உள்ளேயே வளர்வதும் உண்டு. 1976 க்குப் பிறகு இங்கே மரண தண்டனை விதிக்கப்படுகிறதே தவிர நிறைவேற்றப்படுவதில்லை. அதனால் நம் நாட்டுக் கதை என்று சொல்லிக்கொண்டு தூக்குமேடையை உச்சக்கட்டமாக வைக்கிற படம் பாரத்தைத் தப்பான இடத்தில் வைக்கிறது. இங்கே உண்மையான கொடுமை காத்திருப்பு. மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய் விடியுமுன் பஸ் ஏறி, ஒரு நாள் பேரை இழந்து, கொழும்பு வெலிக்கடைக்குப் போய் மகளைச் சில நிமிஷம் கம்பிக்கு அப்பால் பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவதை ஒரு படம் பொறுமையாகக் காட்டினால், அந்தப் படத்துக்குக் கலவரமே வேண்டாம்.

அப்புறம் இணையத் தளங்கள் படங்களுக்குக் காட்டுகிற இந்தப் புள்ளிகள். படம் பார்க்கும் முன் எல்லாரும் பார்ப்பது அதைத்தான், அதனால் இரண்டு வார்த்தை. ரொட்டன் டொமாட்டோஸில் வருகிற சதவீதம், எத்தனை விமர்சகர்கள் ஆதரவாக எழுதினார்கள் என்ற கணக்கு. எல்லாரும் "சுமாராகப் பிடித்தது" என்று எழுதினாலும் நூறு சதவீதம் வரலாம். ஐ.எம்.டி.பி. காட்டுவது பார்வையாளர்கள் பத்துக்குப் போடுகிற புள்ளிகளின் ஒரு வகைச் சராசரி. பெண்கள் சிறைப் படங்களுக்குச் சராசரி பெரிதாக ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் பாதிப்பேர் ஒன்றும் பாதிப்பேர் ஒன்பதும் போட்டால் நடுவில் ஐந்து வரும், ஐந்து என்று நினைத்த ஆள் ஒருத்தருமே இருந்திருக்க மாட்டார். சராசரியை விட்டுவிட்டு, ஒன்று போட்டவர் என்ன காரணம் சொல்கிறார், ஒன்பது போட்டவர் என்ன காரணம் சொல்கிறார் என்று இரண்டு பக்கத்திலும் சிலதை வாசியுங்கள். ஒன்று போட்டவர் "இதில் ஒன்றும் இல்லை, வெறும் பேச்சு" என்று கோபப்படுகிறார் என்றால் அது உங்களுக்குப் பிடிக்கிற படமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்பது போட்டவர் நடிகைகளின் உடம்பை மட்டும் வர்ணிக்கிறார் என்றால், அந்த ஒன்பதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

"பெண்களை மையமாக வைத்த தைரியமான படம்" என்று பாராட்டுகிற கருத்துகளையும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். திரை நிறையப் பெண்கள் இருப்பதால் மட்டும் அது பெண்களின் படம் ஆகிவிடாது. உடல் சோதனைக் காட்சி வந்தால் கமெரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அவமானப்படுகிறவளின் முகத்தில் நிற்கிறதா, சோதனை செய்கிறவளின் கையில் நிற்கிறதா, இல்லை மறைவாக நின்று எட்டிப் பார்க்கிறவன் மாதிரி உடம்பில் நிற்கிறதா? கமெராவை அங்கிருந்து இங்கே திருப்ப ஒரு ரூபாய் கூட ஆகாது. அங்கே தெரிந்துவிடும் இயக்குநர் யார் என்று. குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அவளை எப்படியும் பார்க்கலாம் என்கிற எண்ணம் பார்க்கிறவரிடமும் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே படம் எடுக்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மூடிக் கிடக்கிற தேயிலைத் தொழிற்சாலையைச் சிறையாக்கலாம், நீளமான சுவரும் இரும்புக் கதவும் சின்ன ஜன்னலும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பன்னிரண்டு பேரை வைத்தே எடுங்கள், தப்பில்லை. ஆனால் கதையை எழுதி முடித்ததும் உள்ளே இருந்துவிட்டு வந்த ஒரு அக்காவையோ, பல வருஷம் மறியலுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு அம்மாவையோ, அவர்கள் சம்மதித்தால், உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். பெயரைக் கேட்காதீர்கள், என்ன வழக்கு என்று துருவாதீர்கள். எந்த இடத்தில் "அப்படி நடக்காது" என்கிறார்களோ அந்த இடத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். படம் வந்த பிறகு அதைப் பார்க்கிறவர்கள் அபிப்பிராயம் சொல்லும்போது நல்லது, கெட்டது என்பதோடு நிறுத்தாமல் எந்தக் காட்சி என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்த படத்துக்கு அதுதான் உங்களுக்கு உதவும்.